வயலில் தொலைத்த நீலம்

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகள் இந்த முறை ஊருக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு பழைய பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று சதுர வடிவம், கண்ணாடி மூடி, பக்கவாட்டில் மூன்று சின்ன நீலப் பூக்கள். அடுப்பிலும் வைக்கலாம், ஃப்ரிட்ஜிலும் வைக்கலாம், உடையாது என்று சொன்னாள். செராமிக் ஊரான விருத்தாசலத்தில் இருந்துகொண்டு ஒரு வெள்ளைப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. எங்கள் தெருவில் செராமிக் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை என்று அவர் கை படாத சரக்கு இல்லை. அவரிடம் காட்டினேன். நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். காதருகே வைத்து இன்னொரு சுண்டு.

"இது நம்ம பீங்கான் இல்ல தம்பி. சத்தம் வேற மாதிரி இருக்கு. ஆனா கண்ணாடியும் இல்ல." பிறகு பூவைப் பார்த்து, "இது என்ன பூ?" என்றார்.

முதல் விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது கண்ணாடியாகப் பிறந்து பீங்கானாக மாறிய பொருள். 1953இல் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தட்டை 600 டிகிரியில் சூடுபடுத்த உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகிக் குளமாகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், தட்டு வடிவம் மாறாமல் பால் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை, இரும்பு விழுந்தது போலச் சத்தம் கேட்டதாம். கண்ணாடிக்குள் எண்ணற்ற நுண்படிகங்கள் முளைத்து அதைக் கெட்டிப்படுத்தியிருந்தன. அந்த வழியில் வந்த பொருளில் செய்த சமையல் பாத்திரம் 1958இல் கார்னிங்வேர் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதன் அடையாளம்தான் அந்த மூன்று நீலப் பூக்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். பூவின் பெயர் கார்ன்ஃப்ளவர். இந்தப் பெயரை நம் மளிகைக் கடையில் சொன்னால் சோள மாவுப் பாக்கெட்டை எடுத்து நீட்டுவார்கள். பூவுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் 'கார்ன்' என்றால் பொதுவாகத் தானியம். கோதுமை வயலிலும் ரை வயலிலும் விதைக்காமல் முளைத்த பூ என்பதால் அந்தப் பெயர். அதன் தண்டு நார் முறுகியது. அறுப்பவரின் அரிவாளை மழுங்கடிக்கும் என்பதால் 'அரிவாள் கெடுத்தான்' என்கிற பொருளில் இன்னொரு பெயரும் இருந்தது. வரப்போரத்தில் நின்று குடியானவன் திட்டுகிற திட்டே அதற்குப் பெயராகிவிட்டது போல.

தாவரவியலில் அது சென்டோரியா சயானஸ். சென்டோரியா என்பது பெரிய பேரினம், பல நூறு இனங்கள். ஆங்கிலத்தில் இந்தச் செடிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் நாப்வீட். சென்டார் என்பது கிரேக்கக் கதையில் வரும் உருவம்: இடுப்புக்கு மேலே மனிதன், கீழே குதிரை. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில் மலைமேல் ஹயக்ரீவரைச் சேவித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே முகம் குதிரை, உடல் மனிதன். கைரோன் என்ற சென்டார் இந்தச் செடியால் தன் புண்ணை ஆற்றிக்கொண்டான் என்பது அவர்கள் கதை. 'நாப்' என்பதோ குமிழ் என்ற பொருள்கொண்ட பழைய சொல். பூவுக்கு அடியில் இருக்கும் கெட்டியான உருண்டைதான் அந்தக் குமிழ். இந்தக் குமிழை நினைவில் வையுங்கள், கடைசியில் நம் வயலில் அது மறுபடி வரும்.

குமிழைக் கையில் எடுத்துப் பார்த்தால் செராமிக்காரருக்குப் பிடித்துப்போகும். சின்னச் சின்னச் செதில்கள், வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு செதிலின் ஓரமும் பழுப்பாகப் பல் பல்லாக வெட்டியிருக்கும். இந்த ஓட்டுக் கூண்டுக்குள் இருப்பது ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம். சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் இந்த வகைதான். சுற்றிலும் எக்காள வடிவில் விரிந்திருக்கும் நீலப் பூக்கள் வெறும் விளம்பரப் பலகை. அவற்றில் மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை. வண்டை அழைப்பது மட்டுமே அவற்றின் வேலை. நடுவில் ஊதாவாக நெருக்கியடித்து நிற்கும் சின்னப் பூக்கள்தான் விதை தருபவை.

அந்த நடுப்பூக்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. புதிதாக விரிந்த ஒன்றை விளக்குமாற்று ஈர்க்கின் நுனியால் மெல்லத் தொடுங்கள். தொட்டதும் மகரந்தக் கால்கள் கண்ணெதிரே சுருங்கும். மகரந்தக் குழாய் கீழே இழுபட, உள்ளே இருக்கும் சூல்தண்டு பிஸ்டன்போல நின்று மகரந்தத்தை மேலே தள்ளும். பற்பசைக் குழாயை அமுக்கியதுபோல நுனியில் ஒரு சொட்டு வெண்தூள் வந்து நிற்கும். தொட்டாற்சிணுங்கி கையை இழுத்துக்கொள்கிறது. இது கையை நீட்டிக் கொடுக்கிறது. தேனீ வந்து உட்கார்ந்தால்தான் மகரந்தம் வெளியே வரும், சும்மா காற்றில் போகாது. சிக்கனத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு எனக்குத் தெரியவில்லை.

இந்த வயல் களை தோட்டத்துக்கு வந்தது எப்போது? பழைய சாட்சி ஒன்று எகிப்திலிருந்து வருகிறது. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். தங்கப் பெட்டிகளையும் முகமூடியையும் உலகம் வாய் பிளந்து பார்த்தது. பேழைகளுக்குள் பூமாலைகளும் இருந்தன. 3,300 வருஷம் ஆகியும் சில இதழ்களில் நிறத்தின் சாயல் போகவில்லை. ஆலிவ் இலை, நீல அல்லி இதழ் இவற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு நாப்வீட், சென்டோரியா டிப்ரெஸ்ஸா என்ற இனம். எகிப்து மண்ணின் சொந்தச் செடி அல்ல அது. மேற்கு ஆசியப் பக்கத்துச் செடி. அரசர் மாலைக்குக் கிடைக்கிறது என்றால் யாரோ தோட்டத்தில் வளர்த்திருக்கிறார்கள். மாலைகளை ஆராய்ந்த பெர்சி நியூபெரி, அந்தப் பூவும் உடனிருந்த பழங்களும் எந்தப் பருவத்தில் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து, அடக்கம் நடந்தது மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிவதற்குள் என்று சொன்னார். கல்வெட்டு சொல்லாத மாதத்தைக் களைப்பூ சொல்லிவிட்டது.

நம்ம ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்தது. துட்டன்காமன் சிறுவனாக இருந்த அமர்னா நகரத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92இல் அகழ்ந்தபோது சுட்ட களிமண் அச்சுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. திராட்சைக் குலை, பேரீச்சை, இதழ்கள், கூடவே குமிழும் விரிந்த தலையுமாக இந்த நாப்வீட். அச்சில் அமுக்கி எடுத்துச் சூளையில் சுட்டு, கழுத்துப் பட்டையாகக் கோத்து அணிந்தார்கள். பூ வாடும், இது வாடாது. அந்தப் பொருளுக்கு ஃபையான்ஸ் என்று பெயர். களிமண் அதில் அநேகமாக இல்லை. பொடித்த படிகக்கல், கொஞ்சம் சுண்ணாம்பு, காரச்சாம்பல், நிறத்துக்குச் செம்பு. பிசைந்து காயவைக்கும்போது காரம் ஈரத்தோடு மேலே வந்து உப்புப் பூத்ததுபோல் படியும். 900 டிகிரிச் சுற்றில் சுட்டால் அந்தப் படிவே கண்ணாடிப் பூச்சாகிவிடும். தனியாக கிளேஸ் பூச வேண்டியதில்லை. எங்கள் தெரு அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "தானே பூசிக்குதா!" என்று இரண்டு தடவை கேட்டார்.

செம்பு கொடுத்தது பச்சை கலந்த நீலம். அதே காலத்தில் எகிப்தியர் இன்னொரு நீலத்தையும் பிடித்துவிட்டார்கள்: கோபால்ட். மேற்குப் பாலைவனச் சோலைகளில் கிடைத்த படிகாரத்திலிருந்து அதை எடுத்துப் பானைமேல் மலர் மாலைகளாகவே தீட்டினார்கள். இன்று விருத்தாசலத்துப் பட்டறையில் நீலக் கோடு இழுக்க எடுப்பதும் கோபால்ட்தான். தூரிகை நுனியில் தொட்டால் கறுப்புச் சேறுபோல இருக்கும். 1200 டிகிரி தாண்டிச் சூளை இறங்கினால் நீலம். நூற்றுக்கு ஒரு பங்குகூட வேண்டாம், அவ்வளவு வீரியம்.

அப்படியானால் பூவின் நீலம் எதனால்? இந்தக் கேள்வியை விடுவிக்க விஞ்ஞானிகளுக்குத் தொண்ணூறு வருஷம் பிடித்தது. 1913இல் ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் கார்ன்ஃப்ளவர் இதழிலிருந்து நிறமியைப் பிரித்தெடுத்தார். பிறகு சிவப்பு ரோஜாவிலிருந்தும் எடுத்தார். இரண்டும் ஒன்றே! சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரே சாயம். அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும், ரோஜாச் சாறு அமிலம், கார்ன்ஃப்ளவர் சாறு காரம் என்று அவர் விளக்கம் தந்தார். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்து நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகவே படும். 1915இல் தாவர நிறமிகளுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்த விளக்கம் தவறு. கார்ன்ஃப்ளவர் இதழின் சாறும் அமிலம்தான்.

ஜப்பானின் ஷிபாட்டா குழுவினர் 1919இலேயே வேறு வழி காட்டினார்கள்: உலோகத்தைத் தேடுங்கள் என்று. பல பேர் கை மாறி, 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்களே அந்த மூலக்கூறின் முழு வடிவத்தையும் ஊடுகதிர் கொண்டு பார்த்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஆந்தோசயனின் என்ற சாய மூலக்கூறு ஆறு, அதே அளவுக்கு ஃபிளேவோன் என்ற நிறமற்ற துணை மூலக்கூறு. இவை ஒன்றையொன்று தழுவி அடுக்கி நிற்க, நடுவே ஓர் இரும்பு அணு, ஒரு மக்னீசியம், இரண்டு கால்சியம். இரும்புதான் ரோஜாவின் சிவப்பைப் பிடித்து நீலமாக்குகிறது.

இரும்பு! பட்டறையில் இரும்பைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களியில் இரும்பு கொஞ்சம் கலந்தாலும் சரக்கு மஞ்சளடித்துப்போகும். அதைப் போக்கத்தான் கழுவுவதும் வடிப்பதும் காந்தம் வைப்பதும். கிளேஸில் இரும்பு சேர்ந்தால் தேன் நிறம், பழுப்பு. காற்றைக் குறைத்துச் சுட்டால் சீனாவின் செலடான் பச்சை. நெருப்பில் நீலத்துக்குக் கோபால்ட் வேண்டியிருக்கிறது, நெருப்பே இல்லாமல் ஒரு களை, மண்ணில் கிடக்கிற இரும்பை வைத்து அதைவிட நல்ல நீலத்தைச் செய்துவிடுகிறது. ஊட்டியில் பார்க்கும் ஹைட்ரேஞ்சியாவின் நீலமும் இப்படித்தான். அங்கே வேலை செய்வது அலுமினியம், அதாவது நம் களிமண்ணில் இருக்கும் அதே உலோகம். மண் புளித்திருந்தால் அது கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும்.

இனி வயலுக்குத் திரும்புவோம். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தானிய வயல்களில் நீலமாகப் பூத்த கார்ன்ஃப்ளவர், இருபதாம் நூற்றாண்டில் களைக்கொல்லி வந்ததும், விதைத் தானியத்தை இயந்திரத்தில் சலிக்கத் தொடங்கியதும் வேகமாகக் குறைந்தது. பிரிட்டனின் வயல்களில் அபூர்வமாகிப்போனது. அதே மக்கள் இன்று விதைப் பாக்கெட் வாங்கித் தோட்டத்தில் தூவுகிறார்கள். விருத்தாசலம் என்கிற திருமுதுகுன்றத்தில் கிடைத்த பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழி வேறு இடத்தில் கேலி. எங்களுக்கு அது தலபுராணம். சுந்தரருக்குக் கிடைத்தது. ஐரோப்பியருக்குப் பாதிதான் கிடைத்தது: தோட்டத்துப் பூ பெரிதாக, இரட்டை அடுக்காக, இளஞ்சிவப்பாக எல்லாம் வருகிறது. வயல் பூவின் எளிமை அதில் இல்லை. சுவிட்சர்லாந்தில் முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே கார்ன்ஃப்ளவரை வேண்டுமென்றே நட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதன் ஓட்டுச் செதில்களில் தேன் சுரக்கிறது. அதைக் குடிக்க வரும் குட்டிக் குளவிகள் கோஸ் புழுவைக் கொல்கின்றன. களையெடுத்த கையே களையை நடுகிறது.

எங்கள் வீட்டு மாடியில் நானும் நட்டேன். முதல் தடவை ஐப்பசியில். ஆசைக்கு ஊர்ச் சரக்காக ஒரு நீல கிளேஸ் தொட்டி வாங்கி வந்திருந்தேன். அடியில் ஓட்டை ஒன்றுதான், அதுவும் சுண்டுவிரல் போகாத அளவு. வடகிழக்குப் பருவமழை நாலு நாள் விடாமல் அடித்தது. கிளேஸ் பூசிய தொட்டியின் சுவர் ஈரத்தை விடாது. நாற்றெல்லாம் கழுத்தருகே அழுகிச் சாய்ந்தன. தப்பு தொட்டியின்மேல் இல்லை, என்மேல்தான்.

இரண்டாம் தடவை கார்த்திகை தீபம் கழிந்து, மழை ஓய்ந்தபின், சாதாரண மண் தொட்டியில் போட்டேன். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி மக்கு எரு. இந்தச் செடிக்கு எரு அதிகமானால் இலை மட்டும் கொழுத்துத் தண்டு சாயும். ஏழை மண்தான் பிடிக்கும். விதையை அரை அங்குல ஆழத்தில் மூடிவிட வேண்டும், வெளிச்சத்தில் முளைக்காது. ஆணிவேர் என்பதால் நாற்றுப் பிடுங்கி நடுவது சரிப்படாது, போட்ட இடத்திலேயே கலைத்து விடுங்கள், ஒரு சாணுக்கு ஒன்று. ஒரு வாரத்துக்குள் முளைத்துவிட்டது. பூக்கத்தான் தயங்கியது. அது நீண்ட பகலை எதிர்பார்க்கும் செடி. லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். விருத்தாசலத்தில் மார்கழிப் பகல் பதினொன்றரை மணிகூட இல்லை, ஆனி மாதத்திலேயே பதின்மூன்றைத் தொடாது. மாசி பிறந்து பத்து நாள் கழித்து முதல் மொட்டு விரிந்தது. அங்கே இடுப்பளவு வளரும் செடி இங்கே முழங்காலைத் தாண்டவில்லை. மொத்தம் பதினொரு பூ. பங்குனி வெயிலில் அடியிலிருந்து காய்ந்து வந்தது, சித்திரையில் சருகு. வம்பு பண்ணாத விருந்தாளி.

எல்லா நாப்வீட்டும் இப்படி அடக்கமானவை அல்ல. புள்ளி நாப்வீட் என்ற ஐரோப்பிய இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட அமெரிக்காவுக்குத் தீவன விதையோடும் கப்பல் பாரமண்ணோடும் போய்ச் சேர்ந்து, மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களை விழுங்கியது. அதன் வேர் ஒரு நஞ்சைக் கசியவிட்டு மற்ற செடிகளைக் கொல்கிறது என்று 2003இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்து பெரும் பரபரப்பானது. பாடப்புத்தக உதாரணமாகும் அளவுக்குப் பேசப்பட்டது. மற்றவர்கள் செய்துபார்த்தபோது அந்த அளவு நஞ்சு மண்ணில் கிடைக்கவில்லை. 2010இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். செடி பரவியது உண்மை, சொன்ன காரணம் நிற்கவில்லை. இதே சூரியகாந்திக் குடும்பத்துப் பார்த்தீனியம் நம் தெருவோரத்தில் என்ன செய்தது என்று தெரியும் நமக்கு. சமவெளி வெயில் கார்ன்ஃப்ளவரைத் தானே கொன்றுவிடுகிறது, பயமில்லை. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் மட்டும் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழகுக்காக மலைக்கு வந்த கோர்ஸும் ஸ்காட்ச் ப்ரூமும் ஊட்டிப் புல்வெளியில் இன்றும் மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருக்கின்றன.

நாப்வீட்டின் நெருங்கிய உறவு நம் நாட்டில் குசும்பா, அந்த எண்ணெய்வித்துச் செடிதான். ஆனால் என் கண்ணுக்கு அதைவிட ஒத்துப்போவது தூரத்துச் சொந்தமான கொட்டைக்கரந்தை. தை அறுவடை முடிந்த நெல் வயலில், களிமண் இன்னும் காயாத இடத்தில், தரையோடு படர்ந்து நிற்கும். தண்டின் இரு பக்கமும் பல் வெட்டிய சிறகு. இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். நுனியில் கோலிக்குண்டைவிடச் சற்றுச் சிறிய ஊதா உருண்டை. அவர்கள் 'நாப்' என்றதை நம்மவர் 'கொட்டை' என்றார்கள். இரண்டு ஊர் உழவரும் அந்தக் குமிழைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். லின்னேயஸும் 1753இல் உருண்டைப்பூ என்று பொருள்படத்தான் அதற்கு ஸ்பெராந்தஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். நாப்வீட் ஒரு பூக்கூட்டம் என்றால் இது கூட்டங்களின் கூட்டம்: ஒரே உருண்டைக்குள் பல குட்டித் தலைகள், ஒவ்வொரு தலைக்குள்ளும் பல குட்டிப் பூக்கள்.

சங்க காலத்தில் பகைவர் கவர்ந்த மாட்டை மீட்கப் போனவர்கள் சூடியது கரந்தை. அது எந்தச் செடி என்பதில் அறிஞர்கள் பல செடிகளைச் சொல்வார்கள், அதில் ஒன்று கொட்டைக்கரந்தை. புறநானூற்றுப் புலவர் ஒருவர் அந்தப் பூவை இளம் பசுவின் மடிக்காம்போடு ஒப்பிடுகிறார். வயல் உருண்டையை விரலில் பிடித்துப் பார்த்தபோது நான் கொட்டைக்கரந்தைக் கட்சிக்குப் போய்விட்டேன். தோட்டத்தில் வளர்ப்பதும் சுலபம்: காய்ந்த உருண்டையை உதிர்த்து, களிமண் கலந்த தொட்டியில் மேலாகத் தூவி, ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீண்ட பகல் கேட்காது.

எகிப்தியர் தங்கள் மாலைக் களையை அச்சில் வார்த்தார்கள், அமெரிக்கர் தங்கள் பாத்திரத்தில் ஒட்டினார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் ரோஜா போட்ட கப் இருக்கிறது, சூரியகாந்தி போட்ட தட்டு இருக்கிறது. கரந்தை போட்ட சரக்கை நான் பார்த்ததில்லை. தெரு அண்ணனிடம் ஓர் உருண்டையைக் கொடுத்துக் கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோபால்ட் மட்டும் போட்டா நீலமாயிடும் தம்பி. கொஞ்சம் மாங்கனீசு சேக்கணும்."